வாங்கி

இதயநாடியின் ஒரு சீவல், பத்து மைக்ரோன் தடிப்பு.
இலக்கம் நானூற்றுப் பதினெட்டு. ஆண், ஐம்பத்தொன்று.
புறக்கோட்டையில் நாட்டாமியாக இருந்தவராம்.
வேறெதுவும் எனக்குத் தெரியாது.
சிவப்புச் சாயத்தில் பத்து நிமிடம் விட்டேன்.
கொழுப்பு மட்டும் சிவந்து எழுந்தது,
பொரளைச் சந்தியின் விளக்கு
பஸ் கண்ணாடி மழையில் கசிவதுபோல.

அந்தச் சிவப்பெல்லாம் பெருந்தின்கலங்களின் வயிறு.
வீங்கி, நுரைத்து,
கருவை ஓரமாய் ஒதுக்கிவிட்டு
நிரம்பியிருக்கின்றன.

டொக்டர் அனோமா ஒரு கையேடு தந்திருந்தார்.
தாதிய மாணவருக்குத் தமிழில் வேண்டும்.
நாற்பத்தொரு சொல். நாற்பது முடிந்தது.
மிஞ்சிய ஒன்றுக்கு, அலுமாரியில் கிடந்த பழைய சொற்பட்டியல்
தயங்காமல் சொல்கிறது:
தோட்டி வாங்கி.

வாங்கி சரி.
பள்ளிக்கூடத்திலேயே படித்த சொல்,
கலத்தின் வாசலில் நின்று கைநீட்டி வாங்குவது.
மற்றதை
ஜிந்துப்பிட்டிப் படிக்கட்டில் என் முதுகுக்கு எறிந்திருக்கிறார்கள்,
வாழைப்பழத் தோலும் கூடவே வந்தது.

வேறு வாங்கிகளும் உண்டு.
கெடாத கொழுப்பை அளந்து வாங்கும்,
உள்ளே நிறைந்தால் கதவைச் சாத்தும்.
இதற்குச் சாத்தத் தெரியாது.
செத்த கலம், கிருமியின் ஓடு,
காலிமுகத்திடல் இறால் வடைச் சட்டியில்
மூன்றாம் நாளும் கொதிக்கும் எண்ணெய்போலக்
காறிப்போன கொழுப்பு,
வந்தால் வாங்கும்.
வந்துகொண்டே இருந்தாலும் வாங்கும்.
போதும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஈரலின் நுண்குழாய்களிலும் இதே குடும்பம்தான்.
அங்கே அகவணிக் கலங்கள்
இரவு பகலாய் இரத்தத்தின் கழிவை வடித்தெடுக்கின்றன.
ஒருவரும் அதைப் படம்பிடிக்க வருவதில்லை,
அங்கே ஒன்றும் உடைவதில்லையே.

நாடிச் சுவரில் கதை வேறு.
அகவணியின் வாங்கி கருகியதைத் தொட்டதும் பதறி
ஆள் கூப்பிடுகிறது.
வந்தவர்கள் அள்ளுகிறார்கள்.
அள்ளியவர்கள் வெளியேற வழியின்றி
அள்ளியதோடு அங்கேயே குவிகிறார்கள்.

மீதொட்டமுல்லையும் குவிந்துதான் மலையானது.
அது சரிந்த புத்தாண்டுக்கு மறுநாள்
பக்கத்து வீட்டு ரொஷானா அப்பாவைக் கேட்டாள்:
"நீங்களுந்தானே கொண்டுபோய்க் கொட்டினீங்க?"
"கொட்டச் சொன்ன இடம்" என்றார் மருதவீரன்.
குழாயடிக்குப் போய் நெடுநேரம் வாய் கொப்பளித்தார்.

ஆறாம் வகுப்புப் படிவத்தில்
தகப்பன் தொழில்: மாநகர சபை, என்று எழுதினேன்.
எந்தப் பகுதி என்றார் ஆசிரியை.
தண்ணீர், என்றேன்.

துப்புரவு வாங்கி என்று எழுதிப் பார்த்தேன்.
விழா மேடையில் சான்றிதழ் கொடுக்கும் குரல் அதில்.
கழிவகற்றும் வாங்கி?
இது எங்கே அகற்றியது?
எல்லாவற்றையும் தன் வயிற்றிலல்லவா வைத்திருக்கிறது.
சும்மா, வாங்கி என்று மட்டும் விடலாம்.
விட்டால் அது
நான் சொன்ன தண்ணீர்.

மறுபடி குனிந்தேன்.
நுரைக்கலங்களின் மேல் மெல்லிய மூடி,
ஓரிடத்தில் மயிரளவு வெடிப்பு,
வெடிப்பின் வாயில் உறைந்த இரத்தம்.
அறிக்கையில் இதற்கு ஒரு வரிதான் இடம்.
நாட்டாமி எந்தத் தெருவில், எந்த மூட்டையோடு விழுந்தார்
என்று கேட்கும் கட்டம் இல்லை.

டொக்டரின் செய்தி வந்தது: நாளை அச்சுக்கு.
நாற்பத்தோராவது வரியில்
அள்ளுவாங்கி
என்று எழுதினேன்.
அச்சகத்தில் யாராவது பிழையென்று திருத்தக்கூடும்.

மருதானைப் பக்கம் லொறி ஒன்று பின்வாங்கும் சத்தம்,
கூடவே யாரோ தகரத்தில் தட்டி
வா வா என்கிறார்.

சாயம் நகத்தடியில் போகவில்லை.
அடுத்த தட்டை எடுத்தேன்.
நானூற்றுப் பத்தொன்பது. பெண். முப்பத்தாறு.